வலி தமிழில், பாரம் மலாய் மொழியில்



உங்கள் தொழிற்சாலையில் ஒரு பாரம் கொடுத்திருப்பார்கள். மனித உடல் படம் போட்டு, எங்கே வலி என்று குறிக்கச் சொல்லும் பாரம். மலாயில் இருக்கும், இல்லையென்றால் ஆங்கிலத்தில் இருக்கும். சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். புரியாத நம்மவர் எல்லாவற்றுக்கும் 'தீடாக்' போட்டுக் கையெழுத்து வைப்பார். அதோடு அவர் வலி கணக்கில் இல்லாமல் போகிறது.

இது சின்ன விஷயமல்ல. இத்தகைய பாரங்களில் உலகெங்கும் அதிகம் பயன்படுவது 1987-இல் வெளியான 'நோர்டிக்' கேள்விப் பட்டியல். கழுத்து முதல் பாதம் வரை உடலை 9 பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதங்களில் வலி இருந்ததா, வழக்கமான வேலையைத் தடுத்ததா, கடந்த 7 நாட்களில் இருந்ததா என்று அது கேட்கிறது. நம் நாட்டின் டோஷ் இலாகா 2017-இல் வெளியிட்ட எர்கோனோமிக் வழிகாட்டியிலும் தொழிலாளியே வலியைக் குறிக்கும் பாரம் உண்டு.

அகராதியை வைத்து மொழிபெயர்த்தால் போதுமா? போதாது. நாம் 'இடுப்பு வலி' என்றால் அது கீழ்முதுகாகவும் இருக்கலாம், இடுப்பு எலும்பாகவும் இருக்கலாம். பாரத்தில் இவை இரண்டு தனிக் கட்டங்கள். 'கை வலி' என்றால் தோளா, முழங்கையா, மணிக்கட்டா? 'அசௌகரியம்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'குடைச்சல்', 'கடுப்பு', 'பிடிப்பு', 'மரத்துப் போகுது' என்றால் புரியும். '12 மாதம்' என்பதைவிட 'போன தீபாவளியிலிருந்து' என்றால் நினைவு வரும். 'வேலையைத் தடுத்ததா?' என்றால், எம்.சி. எடுக்காமல் வலியோடு வேலைக்குப் போன நம் பெண்கள் 'இல்லை' என்றே சொல்வார்கள். வீட்டு வேலையும் இதில் சேரும் என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, பாதுகாப்புக்குத் தேவையான தகவலும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை என்கிறது. 'தமிழில்' என்று அதில் எழுதவில்லைதான். ஆனால் புரியாத தகவல் தகவலே அல்ல என்பது என் வாதம். 2024 ஜூன் 1 முதல், வீட்டுப் பணி, ஆயுதப் படை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எல்லா வேலையிடங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். முதலாளிக்கான உச்ச அபராதமும் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது.

நாளை தொழில்சார் நோய் என்று சொக்சோவுக்குப் போகும்போது வேலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். 'வலி இல்லை' என்று நீங்களே கையெழுத்திட்ட பாரம் அப்போது உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பாரத்தை ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மலாயில் எழுதி, பொருள் மாறவில்லையா என்று பார்க்க வேண்டும். பிறகு கிள்ளான், ஷா ஆலாம் தொழிலாளர்களிடமே வாசித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல, சூப்பர்வைசர் அல்லாத ஒருவர் வேண்டும்.

அதுவரை, புரியாத பாரத்தில் கையெழுத்திடாதீர்கள். விளக்கம் கேளுங்கள், ஒரு நகலை வாங்கி வையுங்கள். பாதுகாப்பு பற்றிப் புகார் செய்ததற்காக உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் நம்மவர் ஒருவரை உட்கார வையுங்கள்.

தமிழில் பாரம் கேட்பது சலுகை அல்ல, உரிமை.