நோபல் வேணாம் பாஸ்... ஃபைல் ஒண்ணு போதும்!

இன்டர்னல்ஸ் எப்படிப் போச்சு? ஓகே ஓகே... முறைக்காதீங்க. நேரா மேட்டருக்கு வர்றேன்.

'எம்.எஸ். பண்ணலாமா, இல்லை பி.ஹெச்டி-யா?' என்று கேன்டீன் டீ ஆறிப்போகிற வரைக்கும் பட்டிமன்றம் நடத்துகிற கோஷ்டி எல்லா காலேஜிலும் உண்டு. 'சரி, பி.ஹெச்டி முடிச்சிட்டு?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம் மச்சி!' என்பார்கள். அந்த 'அப்போ'வைப் பற்றித்தான் இந்த வாரம். ஏன்னா, அப்போ தேவைப்படுகிற சில விஷயங்களை இப்போதே சேர்க்க ஆரம்பித்தால்தான் உண்டு.

பிரிட்டனையே எடுத்துக்குவோம். பி.ஹெச்டி முடிச்ச ஒருத்தர் அங்கே ஒரு யுனிவர்சிட்டியில் போஸ்ட்-டாக் ஆகச் சேருகிறார். வழக்கமான ரூட், 'ஸ்கில்டு வொர்க்கர்' விசா. வேலை கொடுக்கிறவர்தான் ஸ்பான்சர். வேறு இடத்தில் வேலை கிடைத்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். பிராஜெக்ட் பணம் தீர்ந்து வேலை போச்சுன்னா, பொதுவா 60 நாள்தான் டைம். அதற்குள் புது ஸ்பான்சர் பிடிக்கணும், இல்லைன்னா பெட்டியைக் கட்டணும். இந்த நிலைமையில், 'சார், உங்க ஐடியா தப்பு' என்று கைடுகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தாலும் பாஸ்போர்ட்தான் ஞாபகத்துக்கு வரும்!

இன்னொரு கதவும் இருக்கு. பேரு, 'குளோபல் டேலன்ட்' விசா. 2011-ல் வேறு பெயரில், வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கோடு தொடங்கிய திட்டம் இது. 2020 பிப்ரவரியில் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டைத் தூக்கிவிட்டு, புதுப் பெயரில் வந்தது. ஸ்பான்சர் தேவையில்லை. குறைந்தபட்ச சம்பளம் என்று எதுவும் இல்லை. வேலை மாறலாம், லேப் மாறலாம், சொந்தமா கம்பெனிகூட ஆரம்பிக்கலாம். ஒரு தடவைக்கு 5 வருஷம் வரை, எத்தனை வருஷம் வேணும்னு நீங்களே சொல்லலாம்.

ஆனா, 'டேலன்ட்' என்ற அந்தப் பேரைப் பார்த்தவுடனே பாதிப் பேர் தெறிச்சு ஓடிடறாங்க!

மெடல் வெச்சிருக்கிறவங்க ஓரமா நில்லுங்க!

ஒரு குட்டித் தகவல். 2021 மே மாசம் பிரிட்டன் அரசு ஒரு அறிவிப்பு விட்டது. நோபல், டூரிங் மாதிரி பெரிய பரிசு வாங்கினவங்க யாரோட சிபாரிசும் இல்லாம நேரடியா இந்த விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சிகப்புக் கம்பளம்! ஆறு மாசம் கழிச்சு 'நியூ சயின்டிஸ்ட்' பத்திரிகை விசாரிச்சா, விஞ்ஞானிகள் தரப்பில் அந்த வழியா விண்ணப்பித்தவங்க... பூஜ்யம்!

நோபல் வாங்கினவருக்கு இந்த விசாவால் பெரிசா எதுவும் ஆகப்போறதில்லை. இப்போதான் தீசிஸ் முடிச்ச 28 வயசுக்காரருக்குத்தான் இது தேவை. அவருக்காகவே இதில் ஒரு தனிப் பிரிவு இருக்கு. 'எக்ஸெப்ஷனல் டேலன்ட்' என்பது ஏற்கெனவே சாதிச்சவங்களுக்கு. 'எக்ஸெப்ஷனல் ப்ராமிஸ்' என்பது 'இவர் சாதிப்பார்' என்று நம்ப வைக்கிற இளசுகளுக்கு. அறிவியல், இன்ஜினீயரிங் பக்கம் பார்த்தால், பி.ஹெச்டி அல்லது அதற்குச் சமமான ஆராய்ச்சி அனுபவம் இருக்கணும். ஆக, இப்போ செமஸ்டர் எழுதிட்டு இருக்கிற நமக்கு இது உடனே கிடைக்காது. ஆனா, 'ப்ராமிஸ்' என்பது ஒரே நாளில் முளைக்கிற சமாச்சாரமும் இல்லை.

நாலு வாசல்

விசாவுக்கு முன்னாடி, 'இவர் சரக்குள்ள ஆளுதான்' என்று ஒரு அமைப்பு சான்று தரணும். அதுக்குப் பேர் எண்டார்ஸ்மென்ட். அறிவியல், மருத்துவ ஆராய்ச்சிக்கு ராயல் சொசைட்டி. நம்ம இன்ஜினீயரிங் ஆட்களுக்கு ராயல் அகாடமி ஆஃப் இன்ஜினீயரிங். இலக்கியம், வரலாறு, சமூக அறிவியலுக்கு பிரிட்டிஷ் அகாடமி. இந்த மூணு பேரோட, ஆராய்ச்சிக்கு நிதி தரும் யு.கே.ஆர்.ஐ.

வாசல் நாலு. ஒண்ணு, ஆராய்ச்சியைத் தலைமை தாங்கி நடத்தும் பேராசிரியர் மாதிரியான பதவி அங்கே கிடைச்சிருக்கணும். இது சீனியர்களுக்கு. ரெண்டு, நியூட்டன் இன்டர்நேஷனல், மேரி கியூரி மாதிரி பட்டியலில் உள்ள ஒரு ஃபெல்லோஷிப் உங்கள் பேரில் இருக்கணும். மூணு, யு.கே.ஆர்.ஐ. ஏற்றுக்கொண்ட நிறுவனம் கொடுத்த, குறைந்தது 30,000 பவுண்டு கிரான்ட்டில் உங்கள் பெயரோ, பதவியோ இடம்பெற்றிருக்கணும். போஸ்ட்-டாக்குகள் குறி வைக்க வேண்டியது இந்த மூணாவதுதான். டீம் லீடராக இருக்கணும்னு அவசியம் இல்லை. ஆகவே, வேலையில் சேரும்போதே 'இந்த கிரான்ட்டில் என் போஸ்ட் குறிப்பிட்டிருக்கா சார்?' என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

இந்த மூணும் ஒண்ணு ரெண்டு வாரத்தில் பதில் வருகிற எக்ஸ்பிரஸ் ரூட். எதுவும் இல்லைன்னா நாலாவது வாசல், பீர் ரிவியூ. உங்க துறை நிபுணர்களே உங்க ஃபைலை உட்கார்ந்து படிப்பாங்க. சுமார் அஞ்சு வாரம் ஆகும். இதுக்கு உங்க வேலையைத் தெரிஞ்ச, பிரிட்டனில் வசிக்கிற ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் கைப்பட பரிந்துரைக்கணும்.

'அய்யோ, எனக்கு அங்கே யாரைத் தெரியும்?' அதானே?

துறைமுக க்ளார்க்கும் ஒரு லெட்டரும்

1913 ஜனவரி. சென்னைத் துறைமுக ஆபீஸில் ஒரு க்ளார்க். டிகிரி கிடையாது. கேம்பிரிட்ஜில் அவருக்கு ஒருத்தரையும் தெரியாது. ஆனாலும் அங்கே இருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்கு லெட்டர் போட்டார். ஆமா, நம்ம ராமானுஜன்தான்!

இந்தக் கதையில் நாம அடிக்கடி மறந்துவிடுகிற ஆள், நெவில். 1914 ஆரம்பத்தில் லெக்சர் கொடுக்க மெட்ராஸ் வந்த கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர். ராமானுஜனை நேரில் பார்த்தார், நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார், இவரை அனுப்பியே ஆகணும் என்று மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு எழுதினார். வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை கிடைச்சது. மார்ச் 17-ம் தேதி கப்பல் கிளம்பிடுச்சு. 1918-ல் ராமானுஜனை ஃபெல்லோ ஆக்கியது எந்த அமைப்பு தெரியுமா? இன்னிக்கு எண்டார்ஸ்மென்ட் தருகிற அதே ராயல் சொசைட்டி!

கவனிச்சீங்களா? ராமானுஜன் முதல் லெட்டரில் அனுப்பியது தேற்றங்களை. நெவில் எழுதியது நோட்டைப் பார்த்த பிறகு. நூறு வருஷம் ஆகியும் ஃபார்முலா மாறலை. முதலில் வேலை, அப்புறம் அந்த வேலையைப் பார்த்த ஒருத்தர், அதுக்கப்புறம்தான் லெட்டர். 'டியர் ப்ரொஃபசர், ஐ ஆம் எ ஹார்டுவொர்க்கிங் ஸ்டூடன்ட்' என்று 200 பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடும் வேலை இங்கே எடுபடாது. ஒருத்தரோட பேப்பரைப் படிச்சு, அதில் ஒரு நியாயமான சந்தேகம் கேட்டு மெயில் போடுங்கள். கான்ஃபரன்ஸில் போஸ்டர் வையுங்கள். அறிமுகம் அப்படித்தான் வளரும்.

இன்னிக்கே ஒரு ஃபைல்!

ஃபைலில் முக்கியமான கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். 'இதில் நீங்க செஞ்சது எது?' ஆறு பேர் பெயர் உள்ள பேப்பரில் நாலாவதாக உங்க பெயர் இருந்தா, அதை நீங்க தெளிவாச் சொல்லியாகணும். யார் என்ன செய்தாங்கன்னு பிரித்துச் சொல்ல 'க்ரெடிட்' என்று 14 பங்களிப்புகள் கொண்ட ஒரு முறையைப் பல ஜர்னல்கள் பயன்படுத்துறாங்க. ஐடியா யாருடையது, சாஃப்ட்வேர் எழுதியது யார், டேட்டாவை அலசியது யார் என்று தனித்தனியா வரும். உங்க லேப் நோட்டையும் அதே மாதிரி தேதி போட்டு எழுதிப் பழகுங்கள். ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இலவசமா கிடைக்கும். 'எஸ்.கார்த்திக்' பெயரில் ஆயிரம் பேர் இருந்தாலும் உங்க பேப்பர் உங்க கணக்கில்தான் சேரும்.

இப்போ கொஞ்சம் கசப்பு மருந்து. பிராஜெக்ட் சென்டரில் மொத்தமா விலைக்கு வாங்கி, வைவாவுக்கு முதல்நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணுற ஃபைனல் இயர் பிராஜெக்ட்டை இந்த ஃபைலில் எங்கே வைப்பீங்க? பணம் கட்டினா மூணே நாளில் பப்ளிஷ் பண்ணுற 'இன்டர்நேஷனல் ஜர்னல்' பேப்பரை? துறை தெரிஞ்ச ஒரு நிபுணர் அதைப் பார்த்தா, ஃபைலில் மிச்சம் இருக்கிற உண்மையான வேலை மேலயும் சந்தேகம் வந்துடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைஞ்சு வாங்கின பார்ட்ஸில் நீங்களே செஞ்சு, பாதியில் புகை வந்த சர்க்யூட் அதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஏன் புகை வந்ததுன்னு உங்களால் சொல்ல முடியும் இல்லையா?

பர்ஸ் பத்திரம்!

2025 ஏப்ரல் கட்டணப்படி எண்டார்ஸ்மென்ட்டுக்கு 561 பவுண்டு, விசாவுக்கு 205. மொத்தம் 766. 'அவ்வளவுதானா?' என்று துள்ளாதீங்க. மருத்துவ சர்சார்ஜ், வருஷத்துக்கு 1,035 பவுண்டு வீதம் முன்கூட்டியே கட்டணும். 5 வருஷம்னா எல்லாம் சேர்த்து 5,941 பவுண்டு. நம்ம பணத்தில் சுமார் 7 லட்சம்! கல்யாணம் ஆனவங்க, துணைவருக்கும் சர்சார்ஜ் கட்டணும். கைக்கு அடக்கமா மூணு வருஷம் மட்டும் கேட்கவும் வழி இருக்கு. கட்டணத்தை அடிக்கடி ஏத்துவாங்க. அதனால விண்ணப்பிக்கிற அன்னிக்கு பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்குங்க.

டவுட் கார்னர்

*ரிஜெக்ட் ஆனா அவ்வளவுதானா?* எண்டார்ஸ்மென்ட் கட்டணம் போயிடும். ஆனா, ரெண்டு கட்டமா விண்ணப்பிச்சா சர்சார்ஜ் பணம் தப்பிச்சிடும். முடிவில் தவறு இருக்குன்னு தோணினா 28 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், கட்டணம் இல்லை.

*கிடைச்சா?* 3 மாசத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்கணும். இங்கிருந்து போறவங்க டி.பி. டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் வைக்கணும். விசா வாங்க இங்கிலீஷ் டெஸ்ட் கிடையாது.

*ஏஜென்ட்?* 'லெட்டரையும் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்' என்று சொன்னா, அந்தத் தெருப் பக்கமே போகாதீங்க. பொய் ஆவணம் மாட்டினா வருஷக்கணக்கில் விசா கதவு மூடிடும்.

இன்னொண்ணும் சொல்லணும். போகணுமா, இங்கேயே இருக்கணுமா என்பது உங்க இஷ்டம். நான் சொன்ன ஃபைல் ரெண்டுக்கும் உதவும். ஐ.ஐ.எஸ்சி. இன்டர்வியூவிலும் கேட்கப்போற கேள்வி, 'இதில் நீ செஞ்சது எது?' என்பதுதான். ஒரு ரூபாய் செலவில்லாம இன்னிக்கு ராத்திரியே ஒரு ஃபோல்டர் திறந்து, இந்த செமஸ்டரில் நீங்களே செஞ்ச ஒரு விஷயத்தை நாலு வரியில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். எழுத எதுவும் இல்லைன்னா... செமஸ்டர் இன்னும் முடியலை பாஸ், லேப் திறந்துதான் இருக்கு!

அடுத்த வாரம் சந்திப்போம்!