கேம் கடையைக் கொன்றது இன்டர்நெட் மட்டும்தானா?

"இன்டர்நெட் வந்தது, கடை போனது. இதில் அழ என்ன இருக்கிறது?" பிரிட்டனில் வீடியோ கேம் கடைகள் அழிந்த கதை பேச்சுக்கு வந்தாலே யாராவது ஒருவர் இந்த ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். தந்தி, டைப்ரைட்டர், கேசட் என்று ஒரு பட்டியலும் தயாராக வைத்திருப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியில்தான் வில்லங்கம்.

அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு 'ஹை ஸ்ட்ரீட்' உண்டு. நம் ஊர் பஜார் மாதிரி, பிரதான கடைத்தெரு. 2007 வாக்கில் ஓரளவு பெரிய ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போனால் கேம் விற்கும் கடைகள் வரிசையாக வரும். 'கேம்' என்றே பெயர் வைத்துக்கொண்ட கடை ஒன்று (பெயர் யோசிக்க ரொம்பக் கஷ்டப்படவில்லை போலிருக்கிறது). கொஞ்சம் தள்ளி 'கேம்ஸ்டேஷன்', 1993-ல் யார்க் நகரத்தில் தொடங்கியது. இவை போக, பாட்டு சிடியோடு கேமும் விற்ற எச்.எம்.வி.யும் சாவியும், சட்டி பானையிலிருந்து மிட்டாய் வரை எல்லாவற்றோடும் கேமும் விற்ற வுல்வொர்த்ஸ், வாடகைக்குத் தந்த பிளாக்பஸ்டர்.

2008 நவம்பரில் வுல்வொர்த்ஸ் விழுந்தது. 2009 ஜனவரி முதல் வாரம் முடிவதற்குள் 800-க்கும் மேற்பட்ட கடைகளும் மூடியாகிவிட்டது. சாவிக்குச் சரக்கு கொடுத்துக்கொண்டிருந்ததே வுல்வொர்த்ஸின் கிளை நிறுவனம்தான். அது படுத்ததும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாவியும் படுத்தது. 2013 ஜனவரியில் எச்.எம்.வி.யும் பிளாக்பஸ்டரும் ஒரே வாரத்தில் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போயின. எச்.எம்.வி. எப்படியோ கை மாறிப் பிழைத்தது, மற்றது போயே போய்விட்டது. இவற்றுக்கு நடுவே, 2012 மார்ச்சில் 'கேம்' நிறுவனத்தின் முறை வந்தது.

இந்த வருடங்களைக் கவனியுங்கள். 2008, 2012. அன்றைக்கு பிளேஸ்டேஷன் 3-லும் எக்ஸ்பாக்ஸ் 360-லும் பெரிய கேம் எல்லாம் பெரும்பாலும் டிஸ்க்கில்தான் விற்றது. டவுன்லோடு கம்ப்யூட்டர்காரர்களின் சமாச்சாரம். 2003-ல் வந்த 'ஸ்டீம்' அவர்களை மெல்லப் பழக்கிக்கொண்டிருந்த காலம். அதாவது, டவுன்லோடு வந்து கன்சோல் கடையைக் கொல்வதற்கு முன்பே கடை குற்றுயிராகக் கிடந்தது. அடித்தது வேறு யாரோ.

யார்? முதல் அடி சூப்பர் மார்க்கெட். 2009 நவம்பரில் 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' வெளியானபோது அதன் குறிப்பிட்ட விலை 54.99 பவுண்ட். செயின்ஸ்பரீஸ் அதை 26 பவுண்டுக்கு விற்றது. நஷ்டத்துக்குத்தான். கேம் வாங்க வந்தவன் பாலும் ரொட்டியும் வாங்காமலா போவான் என்ற கணக்கு. பாலும் ரொட்டியும் விற்காத கேம் கடைக்காரன் எந்தக் கணக்கைப் போடுவான்? சின்னக் கடைக்காரர்கள் சிலர் மொத்த வியாபாரியிடம் வாங்குவதைவிட மலிவு என்று சூப்பர் மார்க்கெட்டிலேயே போய் வாங்கி வந்து தங்கள் அலமாரியில் அடுக்கியதாகக்கூட அப்போது செய்தி வந்தது.

இரண்டாவது அடி அரசாங்கம் கொடுத்தது. ஜெர்சி, கெர்ன்ஸி என்று ஆங்கிலக் கால்வாயில் தீவுகள் இருக்கின்றன. அங்கிருந்து தபாலில் வரும் 18 பவுண்டுக்குட்பட்ட சாமானுக்கு 'வாட்' வரி கிடையாது என்று ஒரு சலுகை. பூ, க்ரீம் மாதிரி சில்லறைச் சாமானுக்கு என்று இருந்த ஓட்டை இது. அதன் வழியே சிடி, டிவிடி, பழைய கேம் என்று லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைத்தெருவில் வாடகையும் வரியும் கட்டி உட்கார்ந்திருப்பவன் அதே டிஸ்க்குக்கு வரி சேர்த்து விலை சொல்ல வேண்டும். (எச்.எம்.வி.யும் அந்த ஓட்டையில் நுழைந்தது என்பது தனிக் கூத்து.) 2012 ஏப்ரல் 1-ல் அந்தத் தீவுகளுக்குச் சலுகை ரத்தானது. 'கேம்' திவாலானது அதற்கு ஆறு நாள் முன்னால்!

மூன்றாவது அடி தன் கையாலேயே. 2007-ல் 'கேம்' நிறுவனம் 74 மில்லியன் பவுண்ட் கொடுத்து கேம்ஸ்டேஷனை வாங்கியது. போட்டிக் கடையை வாங்கி, போட்டிக் கடையாகவே நடத்தியது. பல ஊர்களில் ஒரே தெருவில் ஒரே முதலாளிக்கு இரண்டு கடை, இரண்டு வாடகை. 2012 மார்ச்சில் காலாண்டு வாடகை மட்டும் 21 மில்லியன் பவுண்ட் கட்ட வேண்டியிருந்தது. கையில் காசில்லை. பணம் வராது என்று பயந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், நின்டெண்டோ, கேப்காம் சரக்கு தர மறுத்தன. அந்த மாதம் எல்லோரும் காத்திருந்த 'மாஸ் எஃபெக்ட் 3', நாட்டின் மிகப் பெரிய கேம் கடையில் கிடையாது. மார்ச் 26-ல் 609 கடைகளில் 277-க்குப் பூட்டு, ஒரே நாளில். 2000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அயர்லாந்தில் சில கடைகளில் ஊழியர்கள் வெளியேற மறுத்து, சேர வேண்டிய பணத்தைக் கேட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சத்தைக் கடனோடு சேர்த்து ஒரு நிதி நிறுவனம் வாங்கியது. விலை 1 பவுண்ட்.

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரண வியாபாரச் சாவு. துணிக்கடைக்கும் புத்தகக் கடைக்கும் நடப்பதுதான். ஒரு கம்பெனி முட்டாள்தனமாகக் கடன் வாங்கி மூழ்கியதற்கு ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. வைக்க வேண்டிய ஒப்பாரி, அந்தக் கடையின் ஒரு மூலையில் இருந்த பழைய டிஸ்க் வாங்கும் கவுண்டருக்கு.

அந்தக் கவுண்டர் எப்படி வேலை செய்தது என்பதை மறந்தவர்களுக்காக: பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சேர்த்து வைத்த காசில் 40 பவுண்டுக்கு ஒரு கேம் வாங்குவான். இரண்டு வாரத்தில் முடித்துவிடுவான். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரன் பத்தோ பதினைந்தோ கொடுப்பான். அதோடு கையிருப்பைப் போட்டு அடுத்த கேம். அவன் விற்ற டிஸ்க்கை முப்பதுக்கு மேல் கொடுக்க வழியில்லாத இன்னொரு பையன் வாங்குவான். கடைக்காரன் கொள்ளை லாபம் அடித்தான் என்பதில் சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவின் கேம்ஸ்டாப் தன் ஆண்டறிக்கைகளில் காட்டிய கணக்குப்படி புது கேமில் கிடைத்த லாப விகிதத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பழைய கேமில் கிடைத்தது. அடிமாட்டு விலைக்கு வாங்கி ஆனை விலைக்கு விற்றார்கள். ஆனாலும் அந்தக் கொள்ளைக்குள் ஒரு நியாயம் இருந்தது. டிஸ்க் பையனுடையது. பிடிக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம்.

கேம் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு இது கண்ணில் விழுந்த தூசி. ஒரே டிஸ்க் மூன்று கை மாறினால் அவர்களுக்குக் காசு ஒருமுறைதானே? 2010-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 'ஆன்லைன் பாஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. புது டிஸ்க்கோடு ஒரு ரகசியக் குறியீடு வரும், ஒருமுறைதான் செல்லும். பழைய டிஸ்க் வாங்கியவன் இணையத்தில் ஆட வேண்டுமானால் தனியாக 10 டாலர் அழ வேண்டும். பழைய சைக்கிள் வாங்கியவன் பெல் அடிக்கத் தனியாகக் கப்பம் கட்டுவது மாதிரி. எதிர்ப்பு கிளம்பி, 2013-ல் கைவிட்டார்கள். அதே 2013-ல் மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் பழைய கேம் விற்பதற்கும் கடன் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு, நாளுக்கு ஒருமுறை இணையத்தில் ஆஜர். சோனி பதிலுக்கு ஒரு குட்டி வீடியோ போட்டது: கேமை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி? ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ. உலகமே கைதட்டிச் சிரித்தது. ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

ஜனங்கள் ஜெயித்தார்கள் என்று கதையை இங்கேயே முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பெனிகள் வேறு பாடம் கற்றுக்கொண்டன. தடை போட்டால்தானே சத்தம் வருகிறது? டிஸ்க் போடும் துளையையே எடுத்துவிட்டால்? 2020-ல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், டிஸ்க் துளை இல்லாமல் வந்தது. அன்று கைதட்டு வாங்கிய அதே சோனி, துளையில்லாத பிளேஸ்டேஷன் 5 ஒன்றை விலை குறைத்து விற்றது. 2024-ல் வந்த, வரிசையிலேயே விலை அதிகமான பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் துளையே இல்லை. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து மாட்டிக்கொள்ளலாம். யாரும் தெருவில் இறங்கவில்லை. 'சௌகரியம்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

சௌகரியம்தான், மறுக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்கு டவுன்லோடால் நன்மையும் உண்டு. ஒன்றுக்கு நாலு விற்பனைத் தளங்கள், தள்ளுபடி சீசன். கன்சோலின் கதை அப்படி அல்ல. அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு கடைதான், அது பெட்டி செய்தவனுடைய கடை. டிஸ்க்குக்கு எத்தனையோ கடைகள் போட்டி போட்டு விலை குறைக்கும். உள்ளே இருக்கும் கடைக்கு யார் போட்டி? பிளேஸ்டேஷன் கடையில் வசூலிக்கப்படும் 30 சதவீதக் கமிஷன் வாங்குபவர் தலையில்தான் விடிகிறது என்று, சுமார் 500 கோடி பவுண்ட் கேட்டு 2022-ல் பிரிட்டனில் வழக்கே போட்டார்கள்.

விலையைக்கூட விட்டுவிடலாம். 'வாங்கு' என்று பட்டன் போட்டுவிட்டு, விற்றது கேம் அல்ல, ஆடுவதற்கான அனுமதி மட்டுமே என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதை எதில் சேர்ப்பது? 2024 மார்ச் 31-ல் யுபிசாஃப்ட் 'தி க்ரூ' என்ற கார் பந்தயக் கேமின் சர்வரை அணைத்தது. தனியாக ஆடுபவருக்கும் அந்த சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்ததால், காசு கொடுத்து வாங்கியவர் கையிலிருந்தும் கேம் போனது. கடையில் டிஸ்க்காக வாங்கியவருக்கும் அதே கதிதான். டிஸ்க் இருந்தால் மட்டும் மோட்சம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடையை மூடியது. அங்கே மட்டுமே விற்ற கேம்களைக் காசு கொடுத்து வாங்க இனி வழி கிடையாது. அதே ஆண்டு அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் எண்ணிப் பார்த்ததில், அந்த நாட்டில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை. மிச்சம் எங்கே கிடைக்கும்? யாரோ ஒருவரின் பரணில், இல்லையென்றால் ஒரு பழைய டிஸ்க் கடையில்.

"கடைக்கு யார் போகிறார்கள் இந்தக் காலத்தில்?" என்று கேட்பவர்கள் செக்ஸ் கடையைப் பார்க்க வேண்டும் (பெயர் கண்டு மிரள வேண்டாம், 'கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்ச்' என்பதன் சுருக்கம்). 1992-ல் லண்டனில் தொடங்கியது. பழைய கேம், பழைய போன், பழைய டிவிடி வாங்கி விற்பதுதான் தொழில். புதுசு விற்ற கடைகள் எல்லாம் சாய்ந்த அதே தெருக்களில் இது கிளை பரப்பியது, இந்தியாவிலும் கடை திறந்தது. வாடகையும் இன்டர்நெட்டும் இதற்கும் பொது. ஜனங்கள் கடைக்கு வராமலா இது பிழைத்தது? வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்பதுதான் பதில். ஆனால் இதற்கும் சரக்கு வேண்டுமே. 2025-ல் ஸ்விட்ச் 2-வோடு நின்டெண்டோ 'கேம்-கீ கார்டு' என்று ஒரு வகையை இறக்கியது. பார்க்க கேம் கார்டு மாதிரியே இருக்கும். உள்ளே கேம் கிடையாது, டவுன்லோடு செய்ய ஒரு சாவி மட்டும். இன்றைக்கு விற்கலாம், கைமாற்றலாம். நின்டெண்டோ சர்வர் இருக்கும் வரை.

'கேம்' நிறுவனத்தின் மிச்சக் கதை சுருக்கமானது. 2019-ல் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் முதலாளி மைக் ஆஷ்லியின் குழுமம் 52 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஷூவும் ட்ராக் பேண்ட்டும் விற்கும் கடைக்குள் ஒரு மூலைக்குப் போயின. 2024 பிப்ரவரியில் பழைய கேம் வாங்குவதையே நிறுத்தினார்கள். கூட்டத்தை உள்ளே இழுத்த ஒரே கவுண்டர், அதை மூடியாகிவிட்டது.

வாங்கிய கேமை அணைக்கக் கூடாது என்று 2024-ல் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. பிரிட்டனில் ஒரு லட்சத்தைத் தாண்டி, 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதமும் நடந்தது. சட்டத்தை மாற்றும் உத்தேசம் இல்லை என்றது அரசாங்கம். ஷூ அலமாரிக்குப் பக்கத்து மூலையில் இப்போது டவுன்லோடு கடைக்கான கிஃப்ட் கார்டுகள் கொக்கியில் தொங்குகின்றன. பையன் 20 பவுண்ட் கொடுத்து ஒன்றை வாங்குகிறான். சுரண்டி எண்ணை அடித்தால் காசு நேராகப் பெட்டிக்குள் இருக்கும் கடைக்குப் போய்விடும். அந்த 20 பவுண்டில் வாங்கிய கேமை ஆடி முடித்த பிறகு அதை யாருக்கும் அவனால் விற்க முடியாது, தன் தம்பிக்குக்கூட.