காதுக்கும் ஒரு நூலகம்

1931இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பினார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான். வாசகர் வராவிட்டால் நூல் அவரிடம் போக வேண்டும் என்பதை அந்த வண்டி செய்தே காட்டியது.

ஆனால் வண்டி போன ஊர்களில் எழுத்தறிந்தவர்கள் சிலரே. ஒருவர் படிக்கப் பலர் கேட்பதுதான் வழக்கம். கோயில் மண்டபத்தில் பாரதம் படித்ததும், டீக்கடையில் நாளிதழை உரக்க வாசித்ததும் அப்படித்தான். பிறகு பஞ்சாயத்து ரேடியோ வந்தது. 1960களில் ஏ.டி.டி. 27 நெல் ரகத்தை வானொலி வழியே அறிந்த தஞ்சை விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள்.

கேரளத்துக் கண்ணூரின் பீடிக் கூடங்களில் ஒரு தொழிலாளி நாளிதழும் நூல்களும் வாசிப்பார். மற்றவர்கள் கேட்டபடி இலை சுற்றுவார்கள். வாசித்தவரின் பங்குப் பீடியையும் அவர்களே சுற்றிக் கொடுத்தார்கள். கூலியைக் குறைத்துக்கொண்டு கேட்கும் அளவுக்கு வாசிப்பின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்திலோ பெண்கள் அவரவர் வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுகிறார்கள். அவர்களைச் சுற்றிக் கூடம் இல்லை, வாசிக்க ஆளும் இல்லை. கை ஓயாது, காது சும்மா இருக்கிறது. அருகிலுள்ள ஊர்ப்புற நூலகம் பாட்காஸ்ட் எனும் ஒலிப்பதிவுத் தொடரைத் தொடங்கினால், அது முதலில் போய்ச் சேர வேண்டியது இவர்களிடம்தான்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு கைபேசியும், கூட்டம் குறைந்த நடுப்பகலும் போதும். எதை வாசிப்பது என்ற கவலையும் இல்லை. 1949இல் பாரதியின் எழுத்துகளில் தொடங்கி, எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகள் நாட்டுடைமையாகிவிட்டன. யாரிடமும் அனுமதி கேட்காமல் அவற்றை வாசித்துப் பதியலாம்.

நூல் வாசிப்போடு நிற்கவும் கூடாது. ஏரி மடையை முறை வைத்துத் திறந்த நீர்க்கட்டி, ஊருக்கு முதல் பஸ் வந்ததைப் பார்த்த பாட்டி, நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அறிந்தவர்கள் ஆகியோரின் குரல்களும் வேண்டும். பஞ்சாயத்து ரேடியோவில் ஊர் கேட்டது. ஊரின் பேச்சு அதில் ஏறவில்லை. பதிவை யூடியூபில் போட்டுவிட்டு மறந்துவிடுவதும் தவறு. பேசியவர் பெயர், ஊர், நாள் எல்லாம் எழுதி, நூல் இருப்புப் பதிவேட்டில் எண் கொடுத்துக் காக்க வேண்டும். காப்பதில் நூலகத்துக்கு உள்ள பயிற்சி வேறு யாருக்கு உண்டு?

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948இல் சென்னை மாகாணம் இயற்றியது. அதன்படி வசூலாகும் நூலக வரி இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. பாட்காஸ்டுக்கான செலவை அதிலிருந்தே ஒதுக்கலாம். ஒலிப்பதிவு செய்யும் நேரத்தை நூலகரின் பணி நேரமாகவே கணக்கிட வேண்டும். குறைந்த ஊதியத்தில் தனியாளாக நூலகம் நடத்துபவர் தலையில் இதையும் சம்பளமில்லாச் சுமையாக ஏற்றக் கூடாது.