டிஎன்பிஎஸ்சி நாற்காலியும் எங்க ஊர் பசங்க வயசும்

எங்க வேப்பனப்பள்ளி பக்கம் டிகிரி முடிச்ச பசங்களுக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, விடியறதுக்குள்ள கம்பெனி பஸ் பிடிச்சு ஓசூர் சிப்காட்டுல கான்ட்ராக்ட்டுக்கு நிக்கணும். இல்லேன்னா குரூப் 4 புக்கைத் தூக்கிக்கிட்டு கிருஷ்ணகிரி லைப்ரரியில போய் உக்காரணும். (என்னை மாதிரி பெங்களூருல பொட்டி தட்டுற கோஷ்டி தனி, அதை விடுங்க.) ரெண்டாவது வழியில போனவங்ககிட்ட "ரிசல்ட் எப்போ?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அடிக்க வருவாங்க. அந்த அடி உண்மையில யாருக்குப் போகணும்னுதான் இந்தப் பதிவு.

2022 ஜூலை 24-ல குரூப் 4 தேர்வு நடந்தது. சுமார் 18 லட்சம் பேர் எழுதினாங்க. முடிவு வந்தது 2023 மார்ச் 24. எட்டு மாசம்! அந்த எட்டு மாசமும் தேர்வாணையத்துக்கு நிரந்தரத் தலைவர்னு ஒருத்தர் கிடையாது. பாலச்சந்திரன் 2022 ஜூன்ல ஓய்வு பெற்றார். அடுத்த தலைவரா எஸ்.கே. பிரபாகர் வந்தது 2024 ஆகஸ்ட்ல. இடையில ரெண்டு வருஷத்துக்கு மேல 'பொறுப்பு'த் தலைவரை வெச்சே வண்டி ஓடிச்சு. அரசியல் சட்டம் 316(1ஏ) பிரிவுல பொறுப்புத் தலைவரை நியமிக்க வழி இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அது அவசரத்துக்கு வெச்ச ஸ்டெப்னி. ஸ்டெப்னியிலேயே ரெண்டு வருஷம் ஓட்டினா என்ன அர்த்தம்?

தலைவர் இல்லாததாலதான் ரிசல்ட் லேட்டுன்னு நான் எழுதிட்டா அது புரட்டு. 18 லட்சம் விடைத்தாள் சும்மா இல்ல. ஆனா லேட்டாகும்போது வெளிய வந்து "இந்தத் தேதிக்குள்ள தருவோம், என் பொறுப்பு"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமா வேண்டாமா? 2023 பிப்ரவரி 25-ல குரூப் 2 மெயின் தேர்வன்னிக்கு பதிவெண் குளறுபடியாகி பல மையத்துல தேர்வே தாமதமா ஆரம்பிச்சது. அதுக்கு முடிவு வர 2024 ஜனவரி ஆயிடுச்சு. போதாக்குறைக்கு உறுப்பினர் இடம் 14-ல 10 காலின்னு 2023-ல தமிழக அரசே சுப்ரீம் கோர்ட்டுல போய்ச் சொல்லிச்சு. குரூப் 1 நேர்முகத்துக்கு போர்டுல உக்காரவாவது ஆள் வேணாமா சாமி?

யார் தப்பு? கட்சிக்காரங்க எல்லாரும் ஆளுநரைக் கை காட்டுவாங்க. முன்னாள் டிஜிபி சைலேந்திரபாபு பேரை அரசு அனுப்ப, ஆளுநர் ரவி 2023-ல கோப்பைத் திருப்பி அனுப்பினார். எப்படித் தேர்ந்தெடுத்தீங்க, விளம்பரம் கொடுத்தீங்களான்னு கேள்வி. கேள்வி தப்பே இல்ல, நானும் அதைத்தான் கேக்கறேன். ஆனா கேள்வி கேட்டுட்டு நாற்காலியைக் காலியாவே விட்டு வேடிக்கை பார்க்கறது என்ன நியாயம்? அரசு பக்கம் மட்டும் வாழுதா? பதவிக்காலம் ஆறு வருஷம் அல்லது 62 வயசு, எது முன்னாடியோ அது. சைலேந்திரபாபுவுக்கு 2024 ஜூன்ல 62. ஒரு வருஷம்கூட முழுசா கிடைக்காத ஒருத்தருக்காக மாசக்கணக்குல மல்லுக்கட்டு. ரெண்டு பக்கமும் கௌரவப் பிரச்சினை. நடுவுல நசுங்கினது லைப்ரரியில உக்கார்ந்த பையன்.

இது 2022-ல ஆரம்பிச்ச வியாதியும் இல்ல. ஐஏஎஸ் காரர் ரிட்டயர் ஆவது 60-ல, ஆணையத்துல இருந்து இறங்க வேண்டியது 62-ல. ரிட்டயர் ஆனவரைத்தான் உக்கார வைப்போம்னு அடம் பிடிச்சா ஆறு வருஷம்ங்கறது பேப்பர்ல மட்டும்தான். 2011 அக்டோபர்ல தலைவர் செல்லமுத்து, உறுப்பினர்கள் வீடுகள்ல லஞ்ச ஒழிப்புத் துறை சோதனை நடந்தது. அப்புறம் 2012-ல வந்த முன்னாள் டிஜிபி நட்ராஜுக்கு ஒரு வருஷம் சொச்சம். அடுத்து வந்த நவநீதகிருஷ்ணன் 2014-ல ராஜினாமா பண்ணிட்டு அதிமுக சார்பா ராஜ்யசபாவுக்குப் போயிட்டார். தலைவரா இருந்தவர் அப்புறம் அரசு வேலைக்குப் போகக்கூடாதுன்னு 319-வது பிரிவு சொல்லுது. எம்.பி. பதவி அரசு வேலையில சேராதே, அதனால தடையில்ல. நல்ல ஓட்டை!

2016 ஜனவரியில ஒரே அடியா 11 உறுப்பினர்களை நியமிச்சாங்க. அந்த டிசம்பர்லயே சென்னை உயர் நீதிமன்றம் அத்தனையும் ரத்து. அது அதிமுக ஆட்சி. ஆக இதுல கழகம் எதுவும் யோக்கியம் இல்லீங்க.

"அருள்மொழி அம்மா பல வருஷம் இருந்தாங்களே, அப்பவும் 2019 குரூப் 4 மோசடி நடந்ததே"ன்னு கேப்பீங்க. ஆமா, நடந்தது. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்கள், மறையற மை, 99 பேருக்கு ஆயுள் தடை, எல்லாம் 2020 ஜனவரியில வெளிய வந்தது. நிரந்தரத் தலைவர் இருந்தா திருட்டே நடக்காதுன்னு நான் சொல்ல வரல. அன்னிக்கு பதில் சொல்ல ஒரு பேர் இருந்தது. தலைவரைத் தூக்கணும்னா 317-வது பிரிவுப்படி சுப்ரீம் கோர்ட் விசாரிச்சு ஜனாதிபதி உத்தரவு போடணும். அவ்வளவு பாதுகாப்பு கொடுத்ததே அமைச்சருக்கு 'முடியாது'ன்னு சொல்ற தைரியம் வரணும்னுதான். நாலு மாசமோ எட்டு மாசமோன்னு தெரியாத பொறுப்பு ஆளுக்கு அந்த தைரியம் எங்கேருந்து வரும்?

எங்க ஊர்ல வீட்டுல தெலுங்கும் கன்னடமும் பேசற பசங்க இருக்காங்க. 2021 டிசம்பர்ல தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம்னு வந்ததும் முனகாம உக்கார்ந்து இலக்கணம் படிச்சாங்க, 40 சதவீதம் வாங்கியே ஆகணும்னு. பட்டம் படிச்ச பிசி, எம்பிசி, எஸ்சி பசங்களுக்குப் பல பதவிகளுக்கு மேல் வயசு வரம்பே கிடையாது. அதுவும் ஒரு வகையில வினைதான், அடுத்த தடவை அடுத்த தடவைன்னு முப்பத்தஞ்சு ஆயிடுது. இவங்களுக்கு மட்டும் விண்ணப்பத்துல ஒரு நாள் தப்பினாலும் கதவு சாத்திடும்.

தலைவர் என்னிக்கு இறங்கறார்ங்கறது அவர் ஏறின அன்னிக்கே தெரிஞ்ச தேதி. அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே விளம்பரம் கொடுத்து, வந்த பேரையெல்லாம் வெளியிட்டு, முழு ஆறு வருஷம் இருக்கக்கூடிய வயசுல ஒருத்தரைப் போடுங்க. ஆளுநருக்கு ஆட்சேபம்னா முப்பது நாளுக்குள்ள எழுத்துல சொல்லட்டும். இந்த அட்டவணையை ஆணையத்தோட வருடாந்திரத் தேர்வு கால அட்டவணையிலேயே முதல் வரியா அச்சடிங்க. குரூப் 1-க்கு மேல.