கப்பலை விட்டு இறங்கும்போது பாஸ்போர்ட் எங்கே இருக்க வேண்டும்?

"வெளிநாட்டுல எது போனாலும் பரவாயில்ல, பாஸ்போர்ட் மட்டும் கையை விட்டுப் போகக் கூடாது." இப்படிச் சொல்லும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் நம்மூரில் குறைவு. நானும் இதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் சொகுசுக் கப்பலில் போய் ஒவ்வொரு ஊராக இறங்கிச் சுற்றுகிறவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்பது என் கட்சி. கப்பலில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டை அறை லாக்கரில் பூட்டிவிட்டு, ஜெராக்ஸோடு இறங்குவதுதான் புத்திசாலித்தனம். சில விதிவிலக்குகள் உண்டு, அதையும் சொல்கிறேன்.

கப்பல் பயணமெல்லாம் பணக்காரர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று இனி ஒதுக்க முடியாது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பியது. 2023 ஜூனில் 'எம்பிரஸ்' கப்பல் இங்கிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வந்தது. சிங்கப்பூர் போகிறவர்கள் இரண்டு மூன்று ராத்திரி கப்பலையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களை, பிள்ளைகள் மயாமியிலோ கால்வெஸ்டனிலோ கப்பலேற்றி பஹாமாஸ், மெக்சிகோ என்று காட்டிக் கூட்டி வருகிறார்கள். எங்கள் பெரியப்பா, பெரியம்மாவுக்கு அண்ணன் போட்டுக் கொடுத்த திட்டமும் அதுதான். போன வாரம் போனில் பெரியம்மா கேட்டது:

"அதெப்படிப்பா பாஸ்போர்ட்டை ரூம்ல விட்டுட்டு எறங்குறது? ரூம் பெருக்க வர்றவன் எடுத்துட்டான்னா?"

நியாயமான பயம். இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் பதில் பிடிபடும்.

நம் குடும்பங்களில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் பெரும்பாலும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள். அங்கே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். சம்பளம் பாக்கி என்றாலும், அம்மா சாகக் கிடக்கிறாள் என்றாலும் ஊருக்கு வர முடியாது. அமீரகம், கத்தார், சவுதி எல்லாவற்றிலும் இன்று தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பது சட்டப்படி தப்பு. ஆனாலும் நடக்கிறது. நம்முடைய பாஸ்போர்ட் சட்டம் (1967) 17-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்கிறது. வைத்திருக்கும் நமக்கே அது சொந்தமில்லை, முதலாளிக்கு என்ன உரிமை? ஆகவே 'கையை விட்டுப் போகக் கூடாது' என்பது பட்டுத் தெரிந்துகொண்ட ஞானம். அந்த மாமாக்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது.

ஆனால் அந்த ஞானம் பிறந்த இடம் வேறு. அங்கே ஆபத்து, பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு தர மறுக்கும் ஆளிடம் இருக்கிறது. கப்பல்காரனுக்கு உங்கள் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. இங்கே ஆபத்து கடைத்தெருவில், கடற்கரையில், நெரிசலான பஸ்ஸில் இருக்கிறது.

கப்பலில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். ஏறும்போதே பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, உங்கள் முகத்தைப் படமெடுத்து, அறைச் சாவியாகவும் பயன்படும் ஒரு அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். இறங்கும்போது அந்த அட்டையைத் தேய்த்தால் 'இவர் வெளியே' என்று பதிவாகும். திரும்பி வரும்போது தேய்த்தால் திரையில் உங்கள் முகம் வரும், காவலர் ஒத்துப் பார்த்து உள்ளே விடுவார். பயணிகள் பட்டியல் முழுவதையும் கப்பல் நிறுவனமே துறைமுக அதிகாரிகளிடம் கொடுத்து அனுமதி வாங்குவதால், பல ஊர்களில் குடியேற்ற அதிகாரியை நாம் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. கப்பல் அட்டை, கூடவே படம் போட்ட இன்னொரு அடையாள அட்டை, இது இரண்டும் போதும். சில கப்பல்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி அவர்களே வைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது இந்த விவாதத்துக்கே வேலையில்லை :-)

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே கப்பலில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன்கள் வருஷக்கணக்கில் துறைமுகம் துறைமுகமாக இறங்கி ஏறுகிறார்கள். அவர்கள் பாஸ்போர்ட் கப்பல் அலுவலகத்தில் இருக்கும். கையில் இருப்பது கப்பல் ஊழியர் அட்டை. உலகத்தில் அதிகத் தடவை கரையிறங்குகிற மனிதர்களின் வழக்கம் இது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். பி.காம். படிப்பவனுக்கு எதையும் இரண்டு பக்கமாக எழுதிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு பக்கம், பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோய்த் தொலைத்தால் என்ன நஷ்டம். மறுபக்கம், கொண்டுபோகாமல் கப்பலைத் தவறவிட்டால் என்ன நஷ்டம்.

இணையத்தில் தேடினால் இது பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கர்கள் அமெரிக்கர்களுக்காக எழுதியது. அவர்கள் கணக்கு வேறு. அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில், அமெரிக்கக் குடிமக்கள் பாஸ்போர்ட்டே இல்லாமல் பிறப்புச் சான்றிதழும் அரசு அடையாள அட்டையும் காட்டிப் போய் வரலாம். பாஸ்போர்ட் தொலைந்தாலும் அவர்கள் திரும்பப் போவது சொந்த நாட்டுக்கு.

எங்கள் பெரியம்மாவின் நிலைமை அப்படியா? மெக்சிகோவில் கோசுமெல் தீவில் கைப்பையோடு பாஸ்போர்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். போனது ஒரு சின்னப் புத்தகம் மட்டுமல்ல, அதில் ஒட்டியிருந்த பத்து வருஷ அமெரிக்க விசாவும்தான். முதலில் போலீஸ் புகார். இந்தியத் தூதரகம் இருப்பது மெக்சிகோ சிட்டியில். தீவிலிருந்து விமானத்தில் போக வேண்டும், அதற்கும் அடையாளம் கேட்பார்கள். தூதரகம் உடனடியாகத் தரக்கூடியது 'எமர்ஜென்சி சர்டிபிகேட்'. அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு ஹூஸ்டனில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குத் திரும்ப முடியாது. அமெரிக்காவில் விமானம் மாறி இந்தியா வரவும் முடியாது, அதற்கும் விசா வேண்டும். பெட்டி படுக்கை எல்லாம் மகன் வீட்டில், ஆள் மட்டும் வேறு வழியாகச் சென்னை! பஹாமாஸில் தொலைந்தால் இன்னும் விசேஷம். அந்த நாட்டு விவகாரத்தைக் கவனிப்பது ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் நம் தூதரகம்.

ஊருக்கு வந்த பிறகும் கணக்கு முடியாது. தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதில் புதுசு வாங்க, 36 பக்கத்துக்கு 3000 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2000. அது பெரிய காசில்லை. அமெரிக்க விசாவுக்கு மறுபடி மனுப் போட்டு, கட்டணம் கட்டி, நேர்காணலுக்கு நிற்க வேண்டும் என்பதுதான் பெரிய அடி. அந்த நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நமக்கெல்லாம் தெரியும். பேரக்குழந்தை பிறக்கும் நேரத்தில் இது நடந்தால்?

இப்போது மறுபக்கம். "சரிப்பா, கப்பலைத் தவறவிட்டா? பாஸ்போர்ட் கப்பலோட போயிடுமே!" எல்லாரும் கேட்கும் கேள்வி. இதற்குக் கற்பனை வேண்டாம், உண்மைச் சம்பவமே இருக்கிறது. 2024 மார்ச் கடைசியில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்த 'நார்வீஜியன் டான்' கப்பல், சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. அவர்கள் தனியாக ஏற்பாடு செய்துகொண்டு சுற்றிப் பார்க்கப் போய், குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை. கடலோரக் காவல் படகில் கப்பலுக்கு அருகே கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. அடுத்து காம்பியாவில் பிடிக்கலாம் என்று போனால், கப்பல் அங்கே கரையணைய முடியவில்லை. கடைசியில் செனகலின் டாக்கரில் போய்ச் சேர்ந்தார்கள். பல நாடு கடந்த அலைச்சல்.

இதில் பாஸ்போர்ட் எங்கே இருந்தது? கப்பல் கிளம்பும் முன் அவர்கள் பாஸ்போர்ட்டுகளை அந்த ஊர் துறைமுக ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுத்தான் போனது. இது வழக்கமான நடைமுறை என்று நிறுவனமே சொன்னது. அவர்கள் பட்ட பாடு பாஸ்போர்ட் இல்லாததால் வந்ததல்ல. பணம், மருந்து, கப்பலை எங்கே போய்ப் பிடிப்பது, இதுதான் பிரச்சினை. அட்டையைத் தேய்த்து இறங்கியவர் தேய்த்துத் திரும்பவில்லை என்றால் யார் வரவில்லை என்பது கப்பலுக்குத் துல்லியமாகத் தெரியும். அறையைத் திறந்து, லாக்கரில் பார்த்து, பாஸ்போர்ட்டை எடுத்து ஏஜெண்டிடம் கொடுப்பார்கள். அதனால்தான் லாக்கரில் வையுங்கள் என்கிறேன். பெட்டியின் அடியில், புடவை மடிப்புக்குள், மாத்திரை டப்பாவுக்குள் ஒளித்து வைத்தால் அந்த அவசரத்தில் யார் கண்டுபிடிப்பது? பெரியம்மாவிடம் இதைத்தான் அழுத்திச் சொன்னேன்.

இது வழக்கம்தானே தவிர உத்தரவாதம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் இரண்டையும் எடை போடுங்கள். லாக்கரில் இருந்தால், கப்பலைத் தவறவிட்டாலும் பாஸ்போர்ட் கைக்கு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. கைப்பையில் இருந்து திருட்டுப் போனால் திரும்ப வருவது அபூர்வம்.

"கப்பலே மூழ்கிட்டா?" என்று ஒருவர் கேட்பார். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்தபோது, அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் பலர் உடுத்திய துணியோடு கரையேறியவர்கள். ஆனால் அது நடந்தது ராத்திரி, எல்லாரும் கப்பலுக்குள் இருந்த நேரம். பகலில் கரைக்கு எடுத்துப் போனவரின் பாஸ்போர்ட்டும் அப்போது அறையில்தான் இருந்திருக்கும். நம் கேள்விக்கு அது பதிலாகாது.

சரி, எப்போது கையில் எடுத்துப் போக வேண்டும்? மூன்று சந்தர்ப்பங்கள் சொல்வேன்.

ஒன்று, கப்பலே எடுத்து வரச் சொன்னால். அதிகாரி நேரில் பார்த்து முத்திரை குத்தும் ஊர்கள் உண்டு. முந்தைய நாள் அறைக்கு வரும் தகவல் தாளிலோ செயலியிலோ இதைப் போட்டிருப்பார்கள். படிக்காமல் மடித்து வைக்காதீர்கள். ஜப்பானில் சாதாரணச் சுற்றுலாப் பயணி எப்போதும் பாஸ்போர்ட்டை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கப்பல் பயணிகளுக்கென்று தனியாகக் கரையிறங்கும் அனுமதிச் சீட்டு கொடுத்தால், அந்தச் சீட்டைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு, கப்பல் ஏற்பாடு செய்யாத வண்டியில், துறைமுகத்தை விட்டு மணிக்கணக்கான தூரம் போவதாக இருந்தால். கப்பலே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லை அவர்கள் பொறுப்பில் கொண்டு சேர்ப்பார்கள். நாமாகப் பேசிப் பிடித்த டாக்சி பஞ்சரானால் நம் பாடு. அந்த நிலையில் தொலைந்துபோகும் ஆபத்தைவிடத் தவறவிடும் ஆபத்து பெரிசு. எடுத்துப் போங்கள், ஆனால் கைப்பையில் அல்ல, சட்டைக்குள் கட்டும் இடுப்புப் பையில்.

மூன்று, உடம்பு சரியில்லாமல் கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால். அப்போது திரும்பக் கப்பலுக்கு வருவோமா என்பதே நிச்சயமில்லை. பாஸ்போர்ட், மருந்துச் சீட்டு, இன்ஷூரன்ஸ் தாள் மூன்றும் கூடவே போக வேண்டும்.

மற்ற நாட்களில் கையில் இருக்க வேண்டியவை: கப்பல் அட்டை, படம் போட்ட ஓட்டுநர் உரிமம் மாதிரி ஏதாவது, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், முகவரி உள்ள கடைசிப் பக்கம், விசாப் பக்கம் இவற்றின் கலர் ஜெராக்ஸ், இதே படங்கள் போனிலும் மெயிலிலும். எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கும் நிலை வந்தாலும் இந்த நகல்தான் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். துறைமுக ஏஜெண்டின் போன் நம்பர் அந்தத் தகவல் தாளில் இருக்கும், ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மாத்திரை கூடுதலாக, ஒரு பேங்க் கார்டு, கொஞ்சம் டாலர்.

இதையெல்லாம்விட முக்கியம் கடிகாரம். போன் கரையில் உள்ள டவரைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் தன் நேரப்படி ஓடும். மெக்சிகோவில் கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015-இல் நேரத்தை மாற்றிக்கொண்டது. அதிலிருந்து டெக்சாஸ் நேரமும் அந்தத் தீவின் நேரமும் கோடையில் ஒன்றாகவும் குளிர்காலத்தில் ஒரு மணி வித்தியாசமாகவும் இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக் கப்பல் ஏறுகிறவர் எத்தனை பேர்? கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டி, அதில் கப்பல் நேரத்தை வைத்துவிடுங்கள். ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி முன்னால் துறைமுக வாசலில் நின்றால், பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழாது.