கண்ணில் படும் கட்டணமும் கண்ணில் படாத பூஜ்யமும்

2025ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகருக்குச் சென்ற பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. காரணங்கள் பல. அவற்றுள் பயணிகள் உரத்துச் சொன்னது விலைவாசியைத்தான்: அறை வாடகைக்கு மேல் ‘ரிசார்ட் கட்டணம்’, ஒரு காலத்தில் இலவசமாயிருந்த வாகன நிறுத்தத்திற்கும் கட்டணம், குடிநீர்ப் புட்டிக்குக் கேட்கும் விலை.

அதே விடுதிகளின் சூதாட்ட மேசைகளிலும் விலை ஏறியிருக்கிறது. அதைப் பற்றி இவ்வளவு முறையீடு எழவில்லை. ரூலெட் சக்கரத்தில் 36 எண்கள். அவற்றோடு ஒரே பூஜ்யம் இருந்தால், வைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் விடுதிக்குச் சராசரியாக 2.70 டாலர் சேரும். இரண்டு பூஜ்யம் என்றால் 5.26. அண்மை ஆண்டுகளில் பரவிவரும் மூன்று பூஜ்யச் சக்கரத்தில் 7.69. பிளாக்ஜாக் ஆட்டத்தில் 10 டாலருக்கு 15 கிடைத்த உயர்ந்த வெற்றிக்கு இப்போது பல மேசைகளில் 12 மட்டுமே.

இவை ஒளிவுமறைவாகச் செய்யப்பட்டவையல்ல. பூஜ்யங்கள் சக்கரத்திலேயே இருக்கின்றன, விகிதம் மேசை விரிப்பிலேயே அச்சாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். இங்கோ ஈரம் குவியலின் மேலேயே இருக்கிறது. ஆயினும் வாங்குகிறார்கள்.

ஏன் தெரிவதில்லை? சுற்றுக்கு 10 டாலர், மணிக்கு 40 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு அல்லது கறுப்பின்மேல் பணம் வைப்பவர் ஒரு பூஜ்யச் சக்கரத்தில் சராசரியாக ஏறத்தாழ 11 டாலரும், மூன்று பூஜ்யச் சக்கரத்தில் 31 டாலரும் இழப்பார். வேறுபாடு 20 டாலர். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அதிர்ஷ்டம் அவரை 60 டாலர் மேலேயோ கீழேயோ கொண்டுபோவது சாதாரணம். அந்த ஏற்ற இறக்கத்திற்குள் 20 டாலர் மூழ்கிவிடுகிறது. வாகன நிறுத்தத்திற்கு 20 டாலர் கேட்டால் அது ரசீதில் வரும், சண்டையிடுவார். மூன்றாவது பூஜ்யம் எந்த ரசீதிலும் வருவதில்லை. இரண்டு நாள் தங்கிச் செல்லும் பயணி ஒருபோதும் அதைக் கணக்கில் பிடிக்க இயலாது. பிடிப்பவர் விடுதிக்காரர் ஒருவரே. அவர்தாம் ஆண்டு முழுவதும் ஆடுகிறார்.

“நூறு டாலர் போனால் போகட்டும், சினிமாச் சீட்டு வாங்கியதாக நினைத்துக்கொள்வோம்” என்று வெளிநாட்டில் பணிபுரியும் நம் இளைஞர் சிலரும் சொல்லக் கேட்கிறேன். சீட்டின் விலை வாங்குமுன் தெரியும்; வாங்கியபின் அது கூடுவதில்லை. தோற்றதை மீட்க இன்னொரு சீட்டு வாங்கு என்று திரையரங்கு யாரையும் தூண்டுவதுமில்லை.

இதைக் கேட்டுவிட்டு, ஒரு பூஜ்யச் சக்கரம் பரவாயில்லையோ என்று எவரும் எண்ண வேண்டாம். அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் சூதாட்டத்தில் மனிதர்க்குச் சில பயன்கள் உண்டென்பதை ஒப்புக்கொண்டே, அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்கிறது. பின்னர் அல்மாயிதா அத்தியாயம் அதை முற்றிலும் விலக்கச் சொல்கிறது. விகிதம் நன்றாயிருந்தால் ஆடலாம் என்ற விலக்கு அங்கே இல்லை.

நம் குடும்பங்கள் லாஸ் வேகாஸ் செல்வது அரிது. சிங்கப்பூர் செல்வது உண்டு. அங்கே கேசினோவுக்குள் நுழையக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்திற்கு 150 சிங்கப்பூர் டாலர் செலுத்த வேண்டும். 2010இல் 100ஆக இருந்தது, 2019இல் உயர்த்தப்பட்டது. வெளிநாட்டவர்க்குக் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும், நுழைவு இலவசம். “இலவசம்தானே, உள்ளே ஒரு பார்வை பார்த்து வரலாமே” என்போர், தன் மக்களைத் தயங்க வைக்க ஓர் அரசு கட்டணம் வைத்த வாசல் அது என்பதை அறிந்துகொள்ளட்டும். மெரினா பே விரிகுடாவின் ஓரத்தில் பிள்ளைகளோடு மாலையில் நடப்பதற்கும் கட்டணம் கிடையாது.