கழுத்துக் கருமை அழுக்கா?

"கழுத்தைத் தேய்த்துக் குளிக்கக் கூடாதா?" என்று கேலி பேசும் வழக்கம் நம் விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் உண்டு. அக்கேலிக்கு அஞ்சித் தோல் புண்ணாகத் தேய்ப்போரையும், சிவப்பழகுக் களிம்புக்குக் காசைக் கரைப்போரையும் நான் கண்டிருக்கிறேன். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் கறுப்பது அழுக்கன்று. பெரும்பாலும் அது உடல் விடுக்கும் எச்சரிக்கை. விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதை எடுத்துரைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் சேர்க்கக் கணையம் சுரக்கும் இன்சுலின் உதவுகிறது. சிலருக்குத் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவி சாய்ப்பதில்லை. கணையம் என்ன செய்யும்? மேலும் மேலும் சுரந்து ஈடு கட்டும். அவ்வாறு மிகும் இன்சுலின் தோலின் உயிரணுக்களைத் தூண்டுவதால்தான் கருமையும், சிலருக்குச் சிறு மருக்களும் தோன்றுகின்றன. இந்நிலை பல ஆண்டுகள் நீடிக்கலாம். அதுவரை சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். உடலும் நலமாகவே தோன்றும். கணையம் களைத்த பின்னரே நீரிழிவு தலைகாட்டுகிறது.

யாருக்கு இவ்விடர் மிகுதி? பெற்றோருக்கு நீரிழிவு உள்ளவர், வயிறு பருத்தவர், உடலுழைப்பற்றவர், உறக்கம் குறைந்தவர், சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிலக்கு ஒழுங்கற்ற மகளிர் ஆகியோருக்கு. "நான் ஒல்லிதானே!" என்று மகிழ்வதற்கும் இல்லை. கைகால் மெலிந்திருந்தும் வயிற்றில் கொழுப்புச் சேர்வது இந்தியரிடம் மிகுதி. ஆகவே எடை மட்டும் போதாது. வயிற்றுச் சுற்றளவும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் விழித்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 முதல் 125 மி.கி. வரை இருப்பது நீரிழிவின் முன்நிலை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவிலும், 13.6 கோடிப் பேர் முன்நிலையிலும் இருப்பதாக மதிப்பிட்டது. அஞ்சத்தக்க கணக்குதான், ஆயினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. முன்நிலையில் இருந்த இந்தியரிடையே நடத்தப்பெற்று 2006-இல் வெளிவந்த ஆய்வில், உணவு ஒழுங்கும் நடைப்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 28 விழுக்காடு குறைத்தன.

நம் வருகையையும் மதிப்பெண்ணையும் தவறாமல் அளக்கும் கல்லூரி, ஆண்டுக்கொருமுறை நம் வயிற்றுச் சுற்றளவையும் அளக்கக் கூடாதா? தையற்காரரின் நாடா ஒன்று போதும். உடற்கல்வித் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இப்பணியை ஏற்கலாம். பிறர் அறியாவண்ணம் தனியறையில் அளந்து, குறியுள்ளவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம். இருபது வயதில் காட்டும் இச்சிறு கவனம் நாற்பது வயதில் ஒரு குடும்பத்தையே காக்கும். மாணவ நண்பர்களே, மாலைதோறும் வெறிச்சோடிக் கிடக்கும் நம் விளையாட்டுத் திடல் காத்திருக்கிறது, இன்றே இறங்குவோம்!